நம்ம பையன் யாருமே இல்லையா?

2023 மே 30, அதிகாலை ஒன்றரை மணி இருக்கும். சிவகாசியில் எங்க தெருவில் சரவெடி. வெடிக்கு இங்கே என்ன பஞ்சம்? அகமதாபாத்தில் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு ஃபோரும் அடித்து, சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஐந்தாவது கோப்பை.

வேடிக்கை என்னன்னா, ஒன்றரை மாதம் முன்னாடிதான் இந்த அணியைத் தடை செய்யணும்னு பா.ம.க. உறுப்பினர் ஒருவர் சட்டமன்றத்தில் பேசியிருந்தார். அணியில் தமிழ்நாட்டு வீரர்கள் இல்லை என்பது குறை. எங்க டீக்கடை அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார்: "பேரு மட்டும் சென்னை. நம்ம பையன் யாருப்பா இருக்கான்?"

கேள்வி நியாயமானதுதான். 2011 இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் முரளி விஜய் 95 ரன். கெயிலை முதல் ஓவரிலேயே பூஜ்யத்தில் அனுப்பியது அஸ்வின். பத்ரிநாத்தும் அணியில் இருந்தார். இதை முதலாளியின் ஊர்ப்பாசம் என்றே பலர் நினைக்கிறோம். பாசம் இருந்திருக்கலாம், ஆனால் 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது, ஒவ்வொரு அணியும் தன் வட்டார வீரர்கள் சிலரைக் கட்டாயம் எடுக்கணும்னு விதியே இருந்தது. அஸ்வின் உள்ளே வந்தது அந்தக் காலத்தில்தான். பிறகு விதி போச்சு, எல்லாமே ஏலம்னு ஆச்சு. ஏலத்தில் ஊர்ப்பெயருக்கு விலை கிடையாது.

முதலாளியும் ஒன்றும் அந்நியர் இல்லை. எங்க ஊரிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தெற்கே போனால், திருநெல்வேலிக்குச் சற்று முன்னால் தாழையூத்து. இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை அங்கேதான். அந்தச் சங்கர் நகர் மைதானத்தில் இப்போது டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கின்றன. சென்னையை விட்டு வெளியே இருக்கிற பையன்கள் கண்ணில் படுவதற்கு 2016-ல் வந்த அந்தத் தொடர் ஒரு வழி. ஆனால் கண்ணில் பட்டால் போதுமா, கை தூக்கணுமே! சென்னைப் பையன் சாய் சுதர்சனை 2022 ஏலத்தில் வெறும் 20 லட்சத்துக்கு குஜராத் எடுத்தது. அடுத்த வருஷம் டி.என்.பி.எல்.லில் கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். ஐ.பி.எல். விலையைவிட உள்ளூர் விலை அதிகம்!

அந்த அகமதாபாத் இறுதியில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தது அவர்தான். நாங்கள் வெடி போட்டது, ஒரு வகையில், நம்ம பையன் தோற்றதுக்கு.

நிர்வாகமும் மனசு மாறியது. 2024-ல் அஸ்வினை முதலில் தங்கள் பயிற்சி மையப் பொறுப்புக்கு அழைத்தார்கள். அந்த நவம்பர் ஏலத்தில் 9.75 கோடிக்கு வீரராகவும் எடுத்தார்கள். விஜய் சங்கரும் வந்தார். 2025 சீசனில் 14 ஆட்டத்தில் நான்கே வெற்றி, பத்தாவது இடம். அஸ்வினுக்கு ஒன்பது ஆட்டத்தில் ஏழு விக்கெட். ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்தே விலகிவிட்டார்.

அந்த மே மாதம் அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இவனுகளையெல்லாம் யாருப்பா எடுக்கச் சொன்னது?"