மஞ்சட்கரு: ஒரு சொல்லின் வரலாறு

மொழி வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே சான்றாகும் என்பதில்லை. அடுக்களையில் நாள்தோறும் உடைபடும் கோழிமுட்டையும் சான்று கூறும். முட்டையின் நடுவிலுள்ள மஞ்சட் பகுதியை ஆங்கிலேயர் ‘யோக்’ என்பர். அச்சொல்லில் ‘எல்’ என்னும் எழுத்து ஒன்று உண்டு. ஆனால் அஃது ஒலிப்பதில்லை. நம் மாணவர் அதனை விட்டு எழுதிவிட, முட்டையின் கரு எருதின் கழுத்தில் ஏறும் நுகத்தடியாக மாறிவிடுவதை ஆசிரியர் பலரும் அறிவர். ஒலியால் ஒன்றாயினும் அவ்விரு சொற்களும் பிறப்பால் வேறு. நுகத்தைக் குறிக்கும் சொல் வடமொழி ‘யுகம்’, இலத்தீன் ‘இயுகும்’ ஆகியவற்றோடு உறவுடையது. முட்டைக்குரிய சொல்லோ நிறத்தின் வழி வந்தது.

பழைய ஆங்கிலத்தில் மஞ்சள் நிறத்திற்கு ‘யெயோலு’ என்று பெயர். எழுத்தில் ‘ஜி’ முதலாக இருந்தபோதும் அது யகரமாகவே ஒலித்தது. அதனோடு ஒரு விகுதி சேர்ந்து ‘யெயோல்கா’ ஆயிற்று. மஞ்சளானது என்பதே அதன் பொருள். மஞ்சளைக் குறிக்கும் இன்றைய ‘யெல்லோ’வும் இதுவும் உடன்பிறப்புகள். இவற்றின் வேரை மேலும் தோண்டிச் சென்றால் பொன்னைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கோல்ட்’, வடமொழி ‘ஹிரண்யம்’ ஆகியவையும் அதே குடும்பத்தினவாக நிற்பதைக் காணலாம்.

பிறப்பு இவ்வாறிருக்க, வடிவம் பற்றிய வழக்கு நெடுங்காலம் நீடித்தது. ‘யோல்க்’, ‘யெல்க்’ என்னும் இரு வடிவங்களும் இடைக்காலந்தொட்டு வழங்கின. அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் 1828ஆம் ஆண்டு வெளியிட்ட பேரகராதியில் ‘யெல்க்’ என்பதே முறையான சொல் எனத் தீர்ப்பளித்தார். மஞ்சள் என்னும் மூலத்தோடு அவ்வடிவம் நெருங்கி நிற்பது உண்மையே. எனினும் மக்கள் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. இன்று ‘யெல்க்’ வழக்கிறந்தது, ‘யோக்’ நிலைத்தது. அகராதி எழுதுவோர்க்கு இஃது ஒரு நல்ல பாடம் எனலாம்.

முட்டை என்னும் சொல்லுக்கே ஆங்கிலத்தில் ஒரு போர் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் முதல் அச்சகத்தார் வில்லியம் காக்ஸ்டன் 1490இல் தம் நூலொன்றின் முன்னுரையில் அச்செய்தியைக் கூறுகிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து சீலாந்து நோக்கிப் புறப்பட்ட வணிகர் சிலர் காற்றின்றிக் கரையோரம் தங்கினர். அவருள் ஷெப்பீல்டு என்பவர் ஒரு வீட்டுக்குச் சென்று, வடபுலச் சொல்லாகிய ‘எக்’ என்பதன் பழைய வடிவைச் சொல்லி முட்டை கேட்டார். அந்த இல்லத்தரசி தமக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாராம்! வணிகர்க்கும் பிரெஞ்சு தெரியாது. எனவே சினம் கொண்டார். உடனிருந்தவர் ‘எய்ரன்’ என்று கேட்டபின்னரே அம்மையார்க்குப் பொருள் விளங்கிற்று. நார்ஸ் மொழியிலிருந்து வந்த ‘எக்’ இறுதியில் வென்றது. தாய்நாட்டுச் சொல்லான ‘எய்ரன்’ மறைந்தது. ஆயினும் உள்ளிருந்த மஞ்சளுக்கு மட்டும் பழைய ஆங்கிலப் பெயரே நின்றுவிட்டது. ஓடு வேற்றுநாட்டது, உள்ளீடு உள்நாட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

பிறமொழிகளும் பெரும்பாலும் நிறத்தையே பற்றி நின்றன. நம் தேசிய மொழியாகிய மலாயில் ‘கூனிங் தெலூர்’ என்பது முட்டையின் மஞ்சள் என்றே பொருள்படும். சீனரும் பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே சொல்வர். இசுபானியர் மட்டும் ‘யேமா’ என்கின்றனர். அது செடியின் மொட்டையும் குறிக்கும். கிரேக்கர் வழங்கிய ‘லெகிதோஸ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, முட்டையில் தாம் கண்ட கொழுப்புப்பொருளுக்கு ‘லெசித்தின்’ என 1850இல் பெயரிட்டார் பிரெஞ்சு வேதியியலார் கோப்லே. இன்று சாக்லெட் உறையில் காணும் அப்பெயருக்குள் கிரேக்க முட்டை ஒன்று ஒளிந்துள்ளது.

தமிழோ நிறத்தோடு நில்லாது ‘கரு’ என்ற சொல்லையும் சேர்த்தது. இங்கேதான் வகுப்பறையில் ஒரு சிக்கல் எழுகிறது. மஞ்சட்கரு முழுவதும் குஞ்சாக மாறுகிறது என்றும், வெள்ளைக்கரு அதற்கு உணவு என்றும் மாணவர் பெயரைக்கொண்டே முடிவு செய்கின்றனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளை உடைத்துப் பார்த்து, மஞ்சளே குஞ்சின் உணவு என்று எழுதினார். குஞ்சு வெள்ளையிலிருந்து உருவாகிறது என அவர் கருதியது பொருந்தவில்லை. 1651இல் வில்லியம் ஹார்வி, மஞ்சளின் மேற்பரப்பிலுள்ள சிறு வெண்புள்ளியே குஞ்சின் தொடக்கம் எனக் காட்டினார்.

இதனால் நம் சொல்லை மாற்றவேண்டும் என்பது என் கருத்தன்று. பல தலைமுறை நாவில் பழகிய சொல் அது. மேலும், அந்த வெண்புள்ளி மஞ்சளின்மேல்தான் அமர்ந்திருக்கிறது. ஆசிரியர் முட்டையொன்றைத் தட்டில் உடைத்து அப்புள்ளியை மாணவர்க்குச் சுட்டிக்காட்டினால் போதும். ஏறத்தாழ 21ஆம் நாள் ஓட்டை உடைத்து வெளிவருமுன், எஞ்சிய மஞ்சளைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அவ்வுணவு இரண்டொரு நாளுக்குப் போதும். பொரித்த அன்றே குஞ்சுகளை இரை, நீரின்றிப் பெட்டிகளில் அடைத்து வெளியூர்ப் பண்ணைகளுக்கு அனுப்ப இயல்வது அதனால்தான்.