தெதுறு ஓயாவின் பண்டை அணை

முன்னேஸ்வரப் பெருமான் தீர்த்தமாடும் தெதுறு ஓயா, ஈழத்து நீர்ப்பாசன வரலாற்றிலும் பெயர்பெற்ற ஆறாகும். சூளவமிசம் இதனை ஜஜ்ஜர நதி என்று கூறும். 12ஆம் நூற்றாண்டில், ஈழம் முழுவதற்கும் வேந்தனாகுமுன் தக்கிணதேசத்தை ஆண்ட பராக்கிரமபாகு, இந்நதியிற் சிதைந்துகிடந்த கொட்டபத்தம் என்னும் அணையைப் புதுக்க எண்ணினான். அஃது இயலாதென்றனர் அதிகாரிகள். மன்னனோ கற்கொண்டு அதனைக் கட்டுவித்தான் என்பது அந்நூல் தருஞ் செய்தி.

பழைய அணை உடையின் விளையுங் கேட்டினை, 1986 ஏப்ரல் 20இல் உடைப்பெடுத்த கந்தளாய்க் குளம் உணர்த்திற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தெதுறு ஓயாவிலே 2014இல் புதிய நீர்த்தேக்கம் எழுந்தது. அதுவும் ஒருநாள் மூப்பெய்தும். ஆதலின், அணையைக் கட்டுதலோடு அமையாது, காத்தலும் காலத்தாற் புதுக்குதலுமே வருங்கால நீர்வளத்தை நிலைபெறச் செய்வனவாம்.