முதலும் பணயமும்: ஒரு பழைய கணக்கின் வரலாறு

இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூர், சங்க காலத்தில் சோழர்களின் தலைநகராக இருந்தது. அச்சோழர் குடியைச் சேர்ந்த இளவரசன் ஒருவன் சூதாடிய செய்தியைப் புறநானூற்றின் 43ஆம் பாட்டுக்குரிய பழங்குறிப்பு கூறுகிறது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் புலவர் தாமப்பல் கண்ணனாரும் வட்டாடினர். புலவர் காயைக் கையில் மறைத்தார். வெகுண்ட இளவரசன் வட்டை எடுத்து அவர் மீது எறிந்தான். அவனுடைய பிறப்பையே ஐயுற்றுப் புலவர் ஒரு சொல் சொல்ல, அவன் நாணி நின்றான்.

அங்கே போனது மானம். அதைப் பாட்டொன்றில் மீட்டுக்கொள்ள முடிந்தது. ஆட்டத்தில் பணம் புகுந்துவிட்டால் கதை வேறு. முதல் போய்விட்டால் மீண்டும் ஆட உட்காரவே வழியில்லை. ஆகவே சூதாடியின் முன் எப்போதும் ஒரு கேள்வி நிற்கிறது: கையிருப்பில் எவ்வளவை ஓர் ஆட்டத்தில் பணயமாக வைக்கலாம்? பாரதக் கதையில் தருமன் தோற்கத் தோற்கப் பணயத்தைக் கூட்டினான். மணியும் பொன்னும் போய், நாடும் போய், தம்பியரும் தானும் பணயமான பின் பாஞ்சாலியையும் வைத்தான். இக்கேள்விக்குக் கணித வழியில் விடை தேடும் முயற்சி 17ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது.

ஹைகன்ஸ் விடுத்த புதிர்

பிரெஞ்சு அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. 1657இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பகடையாட்டக் கணக்குகள் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் இறுதியில் வாசகர்களுக்கு ஐந்து புதிர்கள் விடுத்தார். ஐந்தாவது புதிர் இது:

இருவரிடம் ஆளுக்கு 12 காசுகள் உள்ளன. மூன்று பகடைகளை உருட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 11 வந்தால் முதலாமவருக்கு ஒரு காசு. 14 வந்தால் இரண்டாமவருக்கு ஒரு காசு. ஒருவர் கை வெறுமையாகும் வரை ஆட்டம் தொடரும். வெல்லும் வாய்ப்பு யாருக்கு எவ்வளவு?

மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. அவற்றுள் 11 வருவது 27 வகையில். 14 வருவது 15 வகையில். அதாவது 9க்கு 5 என்ற விகிதம். ஒரே ஒரு காசு கைமாறுவதோடு ஆட்டம் முடிந்துவிடுமானால், 14க்காரர் 14 முறைக்கு 5 முறை வெல்வார். அது அவ்வளவு மோசமில்லை. ஆனால் 12 காசுகளும் தீரும் வரை ஆடினால், 9இன் பன்னிரண்டாம் அடுக்குக்கு 5இன் பன்னிரண்டாம் அடுக்கு என்ற விகிதம் வந்துவிடுகிறது. அதன்படி 14க்காரர் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 1,158இல் ஒன்றுதான்!

இதில் பொதிந்துள்ள உண்மை என்ன? முதலோடு ஒப்பிடப் பணயம் சிறிதாக இருந்து ஆட்டம் நீண்டால், சாதகம் உள்ளவன் பக்கமே முடிவு சாயும். பணயம் பெரிதாக இருந்து ஆட்டம் சுருங்கினால், முடிவு குருட்டு வாய்ப்பின் கைக்குப் போய்விடும்.

மேசை மாறினால்

இதை இக்காலப் போக்கர் சீட்டாட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இணையவழி ஆட்டத்தில் சிறு பணய மேசை, பெரும் பணய மேசை எனப் படிகள் உண்டு. சிறு மேசையில் வென்றவனுக்கு மேலே ஏறும் ஆசை எழுவது இயல்பு.

நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக 51இல் வெல்லும் திறமையுள்ள ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய முதல் 1,000 ரூபாய். எதிர்த்தரப்பின் பணம் வற்றாதது என வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 10 ரூபாய் வைத்தால் அவன் கையில் இருப்பது 100 பணயம். அவன் என்றேனும் அடியோடு அழியும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 2தான். அதே முதலோடு 100 ரூபாய் மேசைக்கு ஏறினால் கையில் இருப்பது 10 பணயம் மட்டுமே. இப்போது அழியும் வாய்ப்பு நூற்றுக்கு 67! ஆள் அவனேதான், திறமையும் அதேதான். மாறியது மேசை ஒன்றே.

உண்மையில் நிலைமை இன்னும் கடினம். மேல் மேசையில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். அங்கே அவனுடைய 51 என்பது 50 ஆகிவிட்டால், வற்றாத பணத்தை எதிர்த்து ஓயாமல் ஆடுபவனுக்கு அழிவு உறுதி.

கௌடில்யரின் ஐந்து விழுக்காடு

ஆட்டம் நடத்துபவரின் பங்கையும் மறக்கலாகாது. சூதுக்கூடத்தில் வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்தை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தசாத்திரம் விதிக்கிறது. நமது 51க்காரன் கௌடில்யரின் கூடத்தில் 10 ரூபாய் வீதம் 100 ஆட்டம் ஆடட்டும். 51 வெற்றிக்கு, கழிவு போக 9.50 வீதம் 484.50 ரூபாய் வரவு. 49 தோல்விக்கு 490 ரூபாய் செலவு. திறமைசாலிக்கு 5.50 ரூபாய் நட்டம்! இக்காலப் போக்கர் நிறுவனங்களும் இவ்வாறே ஒரு கழிவை எடுத்துக்கொண்டன.

ஏறவும் விதி, இறங்கவும் விதி

1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஜான் கெல்லி, முதல் நீண்டகாலத்தில் மிக விரைவாக வளரப் பணயம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வாய்பாடு கண்டார். கழிவு இல்லாத ஆட்டத்தில் 51க்கு 49 என்ற சாதகம் உள்ளவன் முதலில் 2 விழுக்காட்டை வைக்கலாம். சுமார் 4 விழுக்காட்டைத் தாண்டினால், சாதகம் அவன் பக்கம் இருந்தும் முதல் காலப்போக்கில் தேய்ந்துவிடும். முதல் வளர்ந்தால் பணயம் வளரும். முதல் குறைந்தால் பணயமும் குறைய வேண்டும். தருமன் செய்தது இதற்கு நேர் எதிர்.

இக்கணக்கு சூதாட்டத்தோடு நின்றுவிடவில்லை. காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு இருப்பு வைத்திருந்தால் முழுகிப்போகாது என்ற கேள்வியை 1903இல் சுவீடனின் ஃபிலிப் லுண்ட்பெர்க் ஆராய்ந்தார். அவ்வழியில் ஹரால்டு கிராமர் செய்த பணியை விரிந்த கோட்பாடாக வளர்த்தவர் சென்னையில் பிறந்த எஸ். ஆர். சீனிவாச வரதன். 2007இல் அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது.

திறமையா, வாய்ப்பா?

தமிழ்நாட்டில் இணையவழிச் சீட்டாட்டத்தில் சேமிப்பை இழந்தோர் பலர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 2022இல் மாநில அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்கு விதித்த தடையை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையாயினும் வாய்ப்பாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது.

திறமை ஆட்டமா, வாய்ப்பு ஆட்டமா என்ற வழக்கு நீண்டது. கணிதம் தரும் விடை ஒன்றுண்டு. ஒரே ஆட்டம் சிறு பணயத்தில் திறமையாகவும் பெரும் பணயத்தில் வெறும் வாய்ப்பாகவும் ஆகிவிடும். உறையூரில் தறி வைத்துச் சேலை நெய்து விற்பவருக்கு இது புதிய பாடமன்று. ஒரு சந்தை தவறினாலும் அடுத்த பாவுக்கு நூல் வாங்க முதல் மிஞ்ச வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முதலுக்கே மோசம் வந்தபின் திறமை இருந்து என்ன பயன்?