மழைக்குச் சப்பாத்து

ஆப்கானிஸ்தானுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலுள்ள டூரண்ட் கோட்டைத் தெரியும்தானே? 1893இல் அந்தக் கோட்டைப் போட்ட சேர் மோர்டிமர் டூரண்ட், அதற்கு ஐந்து வருடம் முந்தி, சிம்லாவில் ஓர் உதைபந்தாட்டக் கிண்ணத்தையும் ஆரம்பித்து வைத்தார். கோட்டுச் சண்டை இன்னும் ஓயவில்லை. கிண்ணமும் இன்றுவரை நடக்கிறது.

டூரண்ட் கிண்ணம் அப்போது நொக் அவுட் போட்டி. ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலில் ஆடியவர்கள் பிரித்தானியப் படைப்பிரிவினர். அரை நூற்றாண்டாகக் கிண்ணம் அவர்கள் கையை விட்டுப் போகவேயில்லை. 1940 டிசம்பரில், டெல்லியில், ரோயல் வோர்விக்ஷயர் படையை 2-1 என்று வென்று அதை எடுத்தது கல்கத்தா முஹம்மதன் ஸ்போர்ட்டிங்.

இந்தப் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். எப்படி வென்றார்கள் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

1911இல் மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்கால். அருமையான கதை, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கண் மூடாமல் கேட்பார்கள். ஆனால் அதற்குப் பிறகும் 23 வருடம் ஓர் இந்தியக் கழகத்தாலும் கல்கத்தா லீக்கை வெல்ல முடியவில்லை. லீக் நடப்பது மழைக்காலத்தில். காய்ந்த தரையில் பறக்கிற வெறுங்கால் சேற்றில் வழுக்கும். சப்பாத்துப் போட்ட சிப்பாய் நின்று அடிப்பான்.

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் நிர்வாகிகள் அழுது கொண்டிருக்கவில்லை. பெங்களூர், குவெட்டா என்று தூர இடங்களிலிருந்தும் ஆட்டக்காரரைத் தேடிக் கொண்டுவந்தார்கள். ஈரத் தரைக்கென்று சப்பாத்துப் போட்டு ஆடப் பழக்கினார்கள். 1934இல்தான் முதல் பிரிவுக்கே ஏறினார்கள், அந்த வருடமே லீக் அவர்களுக்கு. 1938 வரை தொடர்ந்து ஐந்து தடவை! 1936இல் ஷீல்டும் வந்தது. டூரண்ட் கிண்ணம் அந்த உழைப்பின் பின்னால் வந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நம்ம கண்டியிலும் மழைக்குக் குறைவில்லை. "டியூஷனுக்கே காசு போதாது, பந்தடிக்கச் சப்பாத்தா?" என்று கேட்கும் பெற்றாரைக் குறை சொல்லவும் மாட்டேன், விலை அப்படி. ஆனால் நனைந்த மைதானத்தில் நம்ம பிள்ளைகள் வெறுங்காலோடு வழுக்கி விழுவதை வாரா வாரம் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் பாவிக்காத உதைபந்தாட்டச் சப்பாத்துக் கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். 5ஆம், 6ஆம் இலக்கம்தான் கூடத் தேவை. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தைத்துக்கொள்கிறோம்.