ஓபியாய்டு அடிமைத்தனமும் மரபணுக் கணிப்பும்

மார்பின், ஹெராயின், டிரமடால் முதலிய ஓபியாய்டுகளுக்கு ஒருவர் அடிமையாவாரா என்பதை அவருடைய மரபணுவைக் கொண்டு முன்கூட்டியே கணிக்கும் முயற்சி கால் நூற்றாண்டாக நடந்து வருகிறது. இந்திய மரபணுக்கள் இதில் ஒரு தனிச் சிக்கலாகவே இருந்துள்ளன.

மூளையில் ஓபியாய்டுகள் பிணையும் ஏற்பிகள் இருப்பதை 1973-இல் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் நிறுவினர். அவற்றுள் முதன்மையான மியூ ஏற்பியை உருவாக்குவது ஓபிஆர்எம்1 என்னும் மரபணு. அதன் 118-ஆம் இடத்தில் அடினினுக்குப் பதிலாகக் குவானின் அமைந்தால், உடல் தானே சுரக்கும் பீட்டா எண்டார்பின் மும்மடங்கு இறுக்கமாகப் பிணைகிறது என்று 1998-இல் மேரி ஜீன் கிரீக் குழுவினர் காட்டினர். அடிமைத்தனத்தின் திறவுகோல் கிடைத்துவிட்டதாகப் பலர் நம்பினர்.

இந்தக் குவானின் வடிவம் ஐரோப்பியரிடம் ஏறத்தாழ 15 விழுக்காடும், தெற்காசியரிடம் ஏறத்தாழ 40 விழுக்காடும் காணப்படுகிறது. ஆப்பிரிக்கரிடம் மிக அரிது. இந்திய வம்சாவளியினரிடம் செய்யப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு, அடிமையானோரிடம் இவ்வடிவம் கூடுதலாக இருப்பதாகக் கண்டது. ஆனால் 2020-இல் வெளியான, முன்னாள் படைவீரர்களின் மரபணுத் தரவைப் பெருமளவு பயன்படுத்திய அமெரிக்க ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதே வடிவம் அபாயத்தைக் குறைப்பதாகத் தெரிந்தது. ஒரே எழுத்து, நேரெதிர் விடைகள்.

இயந்திரக் கற்றல் இந்த முரணைத் தீர்க்கவில்லை, மறைத்தது. நோயாளிகளில் ஓர் இனத்தவரும் நலமானோரில் வேறோர் இனத்தவரும் மிகுந்திருந்தால், கணினி கற்பது அடிமைத்தனத்தை அன்று, வம்சாவளியை. அலெக்சாண்டர் ஹாட்டூம் குழுவினர் 2021-இல் இதைச் சோதித்தனர். இரு தரப்பிலும் வம்சாவளி சமமாக இருக்கும்படி செய்தபோது, கணிப்பு நாணயம் சுண்டுவதைவிட மேலாக இல்லை.

இருந்தும், 15 மரபணு மாற்றங்களைப் பார்க்கும் 'அவெர்ட்டி' என்ற கன்ன உட்புறப் பூச்சுச் சோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2023 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அதன் ஆலோசனைக் குழுவே முந்தைய ஆண்டு 11-க்கு 2 என்ற கணக்கில் எதிர்த்திருந்தது. 385 பேரிடம் மட்டுமே செய்த ஆய்வு அதற்கு அடிப்படையாயிற்று. பின்னர் 4.5 இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் தரவில் அதே 15 மாற்றங்களைப் பொருத்திப் பார்த்தபோது, 100 கணிப்புகளில் 47 தவறாயின.

இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துவோர் 2.1 விழுக்காட்டினர் என 2019-இல் நடுவண் அரசு வெளியிட்ட தேசிய ஆய்வு கூறுகிறது. மறுபுறம், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்பினைக் கைவிட்டதால் புற்றுநோயாளிகள் வலியில் துடித்தனர். உரிம முறையை எளிதாக்கும் திருத்தம் 2014-இல்தான் வந்தது. அவெர்ட்டி புற்றுநோய் வலிக்கான சோதனை அன்று. ஆனால் 'அபாயம் மிகுந்தவர்' என்ற முத்திரை ஒருமுறை குத்தப்பட்டால், மார்பின் தரத் தயங்கும் மருத்துவருக்கு அது மேலும் ஒரு காரணமாகிவிடும். தெற்காசியரில் பெரும்பகுதியினர் சுமக்கும் ஓர் எழுத்துக்காகவே அந்த முத்திரை விழக்கூடும்.