டெல்லியின் மூன்று பத்திரங்கள்

1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான டெல்லி மேம்பாட்டு ஆணையம் மனைகளையும் வீடுகளையும் பெரும்பாலும் குத்தகை உரிமையில் ஒதுக்கியது. அவற்றைப் பிறருக்கு விற்க ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். உயர்ந்த மதிப்பில் ஒரு பங்கையும் செலுத்த வேண்டும். இதைத் தவிர்க்கச் சந்தை வேறொரு வழி கண்டது. கிரயப் பத்திரத்துக்குப் பதிலாக விற்பனை ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், உயில் ஆகிய மூன்றும் எழுதப்பட்டன. முழு விலையும் கைமாறியது, வாங்கியவர் குடியேறினார், முத்திரைத் தீர்வையும் மிச்சமாயிற்று. அங்கீகாரம் பெறாத குடியிருப்புகளிலும் இம்முறை வேரூன்றியது.

மூன்றில் எதுவும் உரிமையை மாற்றாது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 54ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எவ்வுரிமையையும் உண்டாக்குவதில்லை. அதிகாரப் பத்திரம் ஒரு முகவரை நியமிக்கிறது. எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் முடிவுறும். உயிலை எழுதியவர் தம் வாழ்நாளில் எப்போதும் மாற்றலாம்.

2001இல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று இவ்வகைப் பரிமாற்றங்களுக்கு ஏற்பளித்தது. 2011 அக்டோபர் 11 அன்று, சூரஜ் லேம்ப் வழக்கில், நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அதனை மறுத்தது: பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தால் மட்டுமே அசையாச் சொத்தின் உடைமை மாறும். உறவினருக்கு உண்மையாகவே எழுதித்தரும் அதிகாரப் பத்திரங்களை இத்தீர்ப்பு தீண்டவில்லை.

ஆயினும் இலட்சக்கணக்கானோர் வீடு அந்தக் காகிதங்களின் மேலேயே நின்றது. 2019இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் அதிகாரப் பத்திரம், ஒப்பந்தம், உயில் முதலியவற்றின் அடிப்படையிலேயே உரிமை வழங்க வழிசெய்தது. சூரஜ் லேம்ப் தீர்ப்பில் மாறாக எது இருப்பினும் இது செல்லும் என்று அச்சட்டமே பெயர் குறிப்பிட்டுச் சொல்கிறது. நீதிமன்றம் உரிமையாக ஏற்க மறுத்த காகிதம், சட்டமன்றத்தின் கையில் உரிமை கோரும் சான்றாயிற்று.

பதிவுக்கும் எல்லை உண்டு. 1858இல் தென் ஆஸ்திரேலியா கண்ட டாரன்ஸ் முறையில் அரசின் பதிவேடே உரிமைக்கு உறுதி. இந்தியாவின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமோ ஆவணத்தைப் பதிகிறது. விற்பவருக்கு உரிமை இருந்ததா என்பதற்குப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே டெல்லியில் வீடு வாங்குவோர் நிலம் குத்தகையா, முழு உரிமையா என்று முதலில் அறிந்து, முதல் ஒதுக்கீட்டு ஆணையிலிருந்து இன்றைய விற்பனையாளர் வரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் வரிசையாகப் படிக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் கிரயம் இருக்க வேண்டிய இடத்தில் அதிகாரப் பத்திரம் இருந்தால், உரிமை அங்கேயே நின்றுவிட்டது.