நேவல் பேஸ் நிலம்: இனாமாகப் போனதும் ஒரு வெள்ளிக்கு வந்ததும்

அப்பா 1937ல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். செம்பவாங் நேவல் பேஸில் கப்பலுக்குச் சாயம் அடிக்கும் வேலை. "நமக்கு முன்னாடி இங்கே ரப்பர் மரந்தான் இருந்துச்சு, அதுக்கும் முன்னாடி சேறு" என்பார். அந்தச் சேறு யாருடையது என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனுக்கு ஜப்பான் மேல் பயம் வந்தது. பெரிய போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்கக் கிழக்கே ஒரு துறை வேண்டும். 1922 வாஷிங்டன் ஒப்பந்தப்படி 110 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே புதிய தளம் கட்டக்கூடாது. ஹாங்காங் அந்தக் கோட்டுக்கு அப்பால், சிங்கப்பூர் இப்பால். தளத்துக்கு ஜொகூர் நீரிணைக் கரையில் நம் செம்பவாங் தேர்வானது.

நிலம் 2,845 ஏக்கர். சதுப்பும் ரப்பரும் கலந்த நிலம். லண்டன் இதற்கு விலை கொடுக்கவில்லை. இங்கிருந்த காலனி அரசே நிலத்தை எடுத்து 1923ல் இனாமாக வழங்கிவிட்டது. இனாம் என்றால் யார் பணம்? அந்நாளில் காலனியின் வருவாயில் பெரும் பங்கு அரசே நடத்திய அபின் விற்பனையிலிருந்து வந்தது. ரிக்‌ஷா இழுத்தவனும் மூட்டை தூக்கியவனும் உடம்பு வலிக்குப் புகைத்த காசும் இந்த இனாமில் கலந்திருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது கோபந்தான் வந்தது. பிறகு ஹாங்காங் இரண்டரை லட்சம் பவுன், மலாய் மாநிலங்கள் இருபது லட்சம் பவுன் என்று கட்டுமானத்துக்கும் கொடுத்தன.

தோட்டக் கம்பெனிக்குப் பத்திரம் இருந்தது, கணக்குப் பேசலாம். சதுப்புக் காடுகளை ஒட்டிப் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்த ஓராங் சிலேத்தார் மக்களிடம் என்ன பத்திரம் இருக்கும்? காகிதம் இல்லாதவனோடு எந்தச் சர்க்கார் பேரம் பேசியது? இன்று அவர்களில் பெரும்பாலோர் ஜொகூர்க் கரையில்தான் இருக்கிறார்கள்.

நிலத்தை எடுத்த வேகம் வேலையில் இல்லை. 1924ல் தொழிற்கட்சி அரசு திட்டத்தை நிறுத்தியது, அடுத்து வந்தவர்கள் தொடர்ந்தார்கள், மறுபடி 1929ல் இழுத்தடிப்பு. ஆயிரம் அடி நீள உலர்துறை 1938 பிப்ரவரி 14ல்தான் திறந்தது. சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழித்து சிங்கப்பூரே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது! போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள், அப்பாவும் வேலைக்குத் திரும்பினார்.

1968ல் பிரிட்டிஷார் கிளம்பப் போகிறார்கள் என்ற செய்தி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சம்பளம், தங்கியிருந்த குவார்ட்டர்ஸ் இரண்டும் ஒன்றாகப் போகுமே என்ற கவலை. அவ்வாண்டு டிசம்பரில் கப்பல் துறை சிங்கப்பூர் அரசிடம் வந்தது, பெயரளவு விலை ஒரே ஒரு வெள்ளி. சும்மா கொடுத்ததை விலை கொடுத்து வாங்கிய கதை என்று அப்பா சிரித்தார். அவருக்கு வேலை தங்கியது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தங்கவில்லை, குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார்.

கான்பெரா ரோடு பக்கம் நேவல் பேஸ் தொழிலாளர்கள் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகனும் பின்னாளில் இடம் மாற வேண்டியிருந்தது. 1996 முதல் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் யீஷூனில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு அங்கே போனால் நம் பழைய ஆட்களைப் பார்க்கலாம். இன்னும் ஒருவரையொருவர் பழைய குவார்ட்டர்ஸ் பிளாக் நம்பரை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறோம்.